ஹெட்செட் மைக்கில் கரகரப்பு: குறை எங்கே ஒளிந்திருக்கிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பு ஒன்றிலிருந்து, எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இணையம் வழியாகத் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மடிக்கணினியில் ஹெட்செட்டைச் செருகிப் பேசும்போது தம் குரலோடு கரகரப்பும் இடையிடையே படபடவென்ற வெடிப்பும் சேர்ந்து வருவதாக மாணவர்கள் சொல்கிறார்கள். மாணவர்களின் குரலோ அவருக்குத் தெளிவாகவே கேட்கிறது. பட்டணத்துக் கணினிக் கடையில் ஹெட்செட் பழுது என்று சொன்னதைக் கேட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார். சில நாள் நன்றாக இருந்த பின் அதிலும் அதே சத்தம். பகலில் குறைவாகவும் மாலை வகுப்பில் அதிகமாகவும் இருக்கிறதாம். இன்னொரு ஹெட்செட் வாங்குவதா, விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம், ஆசிரியை அவர்களே. நீங்கள் எழுதியதிலேயே துப்பு இருக்கிறது. வெவ்வேறு இரண்டு ஹெட்செட்டுகள் ஒரே மாதிரியான சத்தத்தைத் தருகின்றன என்றால், இரண்டும் ஒரே விதமாகக் கெட்டுப்போயின என்று நினைப்பதைவிட, இரண்டுக்கும் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்றில் குறை இருக்கிறது என்று நினைப்பதே பொருத்தம். பொதுவாக இருப்பவை எவை? மடிக்கணினியின் செருகுதுளை, அதன் சார்ஜர், சார்ஜர் மாட்டியிருக்கும் சுவர்ப் பிளக், கணினிக்குள் ஒலிக்கான அமைப்புகள், நீங்கள் உட்காரும் இடம், கடைசியாக இணைய இணைப்பு. கடைக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. இவற்றுள் அதிகம் பழுதாகும் பொருள் ஹெட்செட்தான் என்பதால் அவர் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் அவர் கடை மேசையில் உங்கள் வீட்டுப் பிளக்கும் இல்லை, உங்கள் தலைக்கு மேல் சுற்றும் விசிறியும் இல்லை.

மாலையில் அதிகம் என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு மிகவும் பயன்படுகிறது. மாலையில் நம் ஊரில் மழை இறங்கும், காற்றில் ஈரம் ஏறும். பகலெல்லாம் பயன்படுத்திய கணினியின் பேட்டரி தீர்ந்து சார்ஜரைச் செருகியிருப்பீர்கள். புழுக்கத்துக்கு விசிறியைக் கூட்டி வைத்திருப்பீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வீடு திரும்பி இணையத்தில் இருப்பார்கள். நான்கும் ஒரே நேரத்தில் வருவதால்தான் ஒன்றைப் பிடித்து இன்னொன்றை விட்டுவிடுகிறோம். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பணம் செலவில்லை.

வகுப்பு இல்லாத ஒரு மாலையில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் குரல் பதிவுச் செயலியைத் திறந்து உங்கள் குரலைப் பதியுங்கள். முதலில் அரை நிமிடம் எதுவும் பேசாமல் அசையாமல் இருங்கள். பிறகு வகுப்பில் பேசுவதுபோல் ஒரு பத்தியை வாசியுங்கள். அதன்பின் பின்வரிசை மாணவனை அதட்டும் குரலில் இரண்டு வரி. அடுத்து தலையை இடமும் வலமும் திருப்புங்கள். பின்னர், செருகியிருக்கும் பிளக்கை விரலால் பிடித்து மெல்லத் திருகுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், மறுபடி மாட்டுங்கள். விசிறியை நிறுத்துங்கள். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் "இப்போது சார்ஜரைக் கழற்றுகிறேன்" என்று வாயால் சொல்லிவிட்டுச் செய்தால், எந்தச் சத்தம் எதனால் வந்தது என்பதற்கு அந்தப் பதிவே சாட்சியாகிவிடும். பிறகு அதை வேறொரு காதொலிப்பானில், கைப்பேசிக்குரியது இருந்தால் அதில், நிதானமாகக் கேளுங்கள். இந்தப் பதிவில் கரகரப்பே இல்லை என்றால் மைக்கையும் ஹெட்செட்டையும் விட்டுவிடலாம். குறை இணையத்திலோ வகுப்பு நடத்தும் செயலியிலோ இருக்கிறது. கரகரப்பு இருந்தால், மேற்கொண்டு படியுங்கள்.

"எனக்குக் காதில் நன்றாகத்தானே கேட்கிறது, அப்படியானால் வயரும் பிளக்கும் சரியாகத்தானே இருக்க வேண்டும்" என்று பலரும் கேட்பார்கள். அது நியாயமாகத் தோன்றினாலும் சரியல்ல. ஹெட்செட்டில் இருப்பது எலெக்ட்ரெட் வகை மைக். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவரும் 1962ஆம் ஆண்டில் உருவாக்கிய இந்த மைக்கில், நிரந்தரமாக மின்னேற்றம் கொண்ட ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. குரலுக்கு அது அதிரும்போது மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் உண்டாகிறது. அதை வயரில் அனுப்பும் அளவுக்கு ஆக்கித் தருவதற்கு மைக்கின் உள்ளேயே ஒரு சிறு டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. அந்த டிரான்சிஸ்டருக்கு மின்சாரம் வேண்டும். அதை உங்கள் மடிக்கணினிதான், குரல் வருகிற அதே கம்பி வழியாக, ஏறத்தாழ 2 வோல்ட் அளவில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆக, அந்தக் கம்பியில் அசையாமல் நிற்கும் 2 வோல்ட் ஒன்று உண்டு, அதன்மேல் சில மில்லிவோல்ட் அளவில் உங்கள் குரல் ஏறி வருகிறது. பிளக்கின் தொடுபுள்ளியில் துருவோ அழுக்கோ சேர்ந்து அந்த 2 வோல்ட்டில் நூற்றில் ஒரு பங்கு தடுமாறினாலே அது 20 மில்லிவோல்ட். உங்கள் குரலைவிடப் பல மடங்கு பெரிது. அதைத்தான் மாணவர்கள் வெடிப்பாகக் கேட்கிறார்கள். காதுக்குப் போகும் கம்பியில் இப்படி நிலையாக நிற்கும் மின்னழுத்தம் கிடையாது. ஆகையால் அங்கே தொடுபுள்ளி கொஞ்சம் அழுக்கானாலும் காதுக்குத் தெரியாமல் போய்விடும். ஒரே பிளக்கில் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் நாராசமாகவும் இருப்பதன் காரணம் இதுதான்.

உங்கள் பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த உலோகத் தண்டில் மூன்று வளையக் கோடுகள் இருந்தால், அதில் நான்கு உலோகப் பகுதிகள் இருக்கின்றன என்று பொருள். இன்றைக்குப் புழக்கத்தில் உள்ள சி.டி.ஐ.ஏ. என்ற இணைப்பு முறைப்படி நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு, மூன்றாவது பொதுக் கம்பிக்கு, பிடியை ஒட்டிய கடைசிப் பகுதி மைக்குக்கு. அதாவது மைக்குக்கு உரிய பகுதிதான் துளையின் வாயருகே வருகிறது. விரல் வியர்வை படுவதும் அங்கேதான், பிளக்கை முழுவதும் அழுத்தாமல் விட்டால் முதலில் தொடர்பு தடுமாறுவதும் அங்கேதான். அந்தப் பகுதி மங்கிப்போய், கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பளிச்சென்று ஆகும்வரை துடையுங்கள். துருவை நீக்க எல்லா வீட்டிலும் ஒரு கேன் தைலம் இருக்கும். அதை இதற்கு அடிக்காதீர்கள், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும், அதில் தூசு ஒட்டும். மின் தொடுபுள்ளிகளுக்கென்றே விற்கும் கிளீனர் வேறு.

துளையைப் பார்ப்பதற்குக் கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். கைப்பேசியின் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால், பையில் போட்டு எடுத்துச் செல்லும் கணினிகளில் பெரும்பாலும் நூல் பிசிறும் தூசியும் பிளக் குத்திக் குத்தி ஒரு சிறு வில்லைபோல் அடியில் இறுகிக் கிடக்கும். அதனால் பிளக் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றுவிடும். பார்வைக்கு முழுவதும் போனதுபோலவே இருக்கும். மரப் பல்குத்தியால் ஓரத்திலிருந்து மெல்லக் கிளறி எடுக்க வேண்டும். ஊசியோ ஹேர்பின்னோ கூடாது, உள்ளே இருக்கும் சுருள் நாக்குகள் வளைந்துவிடும். சிற்றெறும்பு குடியேறிய துளைகளையும் நான் திறந்து பார்த்திருக்கிறேன். தோட்டப்புற வீடுகளில் அது அதிசயமே அல்ல. சுத்தம் செய்தபின், ஆல்கஹால் துடைத்த பிளக்கைப் பலமுறை செருகி எடுத்து, செருகிய நிலையில் திருகித் திருகி விட்டால் உள்ளே உள்ள தொடுபுள்ளிகளின் அழுக்கும் ஓரளவு தேய்ந்துபோகும். முற்றிலும் காய்ந்த பிறகே கணினியை இயக்குங்கள்.

பதிவில், பிளக்கைத் திருகியபோது வெடித்திருந்தால் குறை இந்த இடத்தில்தான். அதே ஹெட்செட்டைக் கைப்பேசியில் செருகித் திருகிப் பாருங்கள். கைப்பேசியில் அமைதியாக இருந்தால் கணினியின் துளை. அங்கேயும் வெடித்தால் பிளக்கோ அதை ஒட்டிய வயரோ. வயர் அறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: பிளக்கின் கழுத்தில், ஒலி கூட்டிக் குறைக்கும் சிறு பெட்டியின் இரு முனைகளில், காதுமூடிக்குள் நுழையும் இடத்தில். ஒவ்வொரு இடத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மடித்துப் பதிந்தால் தானே காட்டிக்கொடுக்கும். வயர் அறுந்ததென்றால் தலையைத் திருப்பும்போதும் சத்தம் வரும். உங்கள் கேள்வியில் அது இல்லை.

அடுத்தது சார்ஜர். என் சந்தேகத்தில் பாதி இதன்மேல்தான் இருக்கிறது, ஏனென்றால் பகலில் குறைவு, மாலையில் அதிகம் என்பதற்கு மிக எளிய காரணம் இதுவே. சார்ஜரைக் கழற்றியதும் பதிவில் இரைச்சல் நின்றுவிட்டதா என்று கேளுங்கள். நின்றால் அது மைக்கின் குறையே அல்ல, எர்த்தின் குறை. சார்ஜருக்குள் 230 வோல்ட் மாறுமின்சாரம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை நறுக்கப்பட்டுத்தான் கணினிக்கு வேண்டிய குறைந்த மின்னழுத்தமாக மாறுகிறது. அதில் எழும் இரைச்சலைத் தரைக்கு இறக்கிவிட எர்த் கம்பி இருந்தால் தொல்லையில்லை. இல்லாவிட்டால் அது கணினியின் உலோகப் பகுதியில் மிதந்துகொண்டு, உங்கள் உடலையும் ஹெட்செட் வயரையும் வழியாகப் பிடித்துக்கொள்ளும். கணினியின் ஓரத்தைப் புறங்கையால் தடவும்போது மணல் உரசுவதுபோல் ஒரு கூச்சம் தெரிகிறதா? கணினியின் உலோகத்தைத் தொட்டதும் பதிவில் இரைச்சலின் அளவு மாறுகிறதா? இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் எர்த்தைத் தேடுங்கள். கூச்சம் தாண்டிச் சுரீரென்று இழுத்தால் அந்தச் சார்ஜரை உடனே ஒதுக்கிவிடுங்கள்.

சார்ஜரின் வயரைப் பாருங்கள். நம் நாட்டுச் சுவரில் மூன்று துளைப் பிளக் இருக்கிறது என்பதால் எர்த் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. சில வயர்களில் மேல் முள் வெறும் பிளாஸ்டிக். சுவர்த் துளைக்குள் இருக்கும் பாதுகாப்புக் கதவைத் திறப்பதற்கு மட்டுமே அது இருக்கிறது. சார்ஜர் பெட்டிக்குள் நுழையும் மறுமுனையில் மூன்று துளை இருந்தால்தான் எர்த் கம்பி உள்ளேவரை போகிறது. அதைவிட மோசமான பழக்கம் ஒன்று நம் வீடுகளில் உண்டு: வெளிநாட்டு இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக, மேல் துளையில் பேனாவையோ ஸ்குரூடிரைவரையோ விட்டுக் கதவைத் திறந்து, உருண்டை முள்ளைச் சதுரத் துளைக்குள் திணித்துவிடுவது. அது உள்ளே இறுகப் பிடிக்காது; தளர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு பொறி தட்டிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு பொறியும் மைக்கில் ஒரு கரகரப்பு. சத்தத்துக்காக மட்டுமல்ல, தீ விபத்தைத் தவிர்க்கவும் அதை நிறுத்த வேண்டும். சரியான மூன்று முள் வயரைப் போட்டும், வீட்டின் எல்லாப் பிளக்கிலும் இரைச்சல் அப்படியே இருந்தால், வீட்டு எர்த்தையே சோதிக்க வேண்டியிருக்கும். பழைய தோட்ட லயங்களிலும் ஒட்டுப்போட்டுக் கட்டிய அடுப்படிகளிலும் எர்த் கம்பி பாதியில் நின்றுபோயிருக்கலாம். அதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை அழையுங்கள். சுவர்ப் பிளக்கை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். அவர் வரும்வரை பேட்டரியை முழுவதும் ஏற்றி வைத்துக்கொண்டு, வகுப்பு நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிட்டு நடத்தினால் போதும்.

இதுவரை காதால் கேட்டதைக் கண்ணாலும் பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் உங்கள் பதிவைத் திறந்தால் ஒலி அலையாக விரியும். சத்தம் வரும் இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொரு வடிவம் உண்டு. தொடுபுள்ளிக் குறை என்றால் கோடு திடீரென்று செங்குத்தாக ஏறி, பிறகு சரிவாக மெல்ல இறங்கும். குரல் அளவுக்கு மீறிப்போய் உடைந்தது என்றால் அலையின் உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கும். எர்த் குறை என்றால், நீங்கள் பேசாத இடத்திலும் ஒரே சீரான அலை, ஒரு விநாடிக்கு 50 அல்லது 100 என்ற கணக்கில், விடாமல் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த எண். கணினி வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒலியைத் தவறவிட்டது என்றால் அலை ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, வேறொரு உயரத்தில் தொடரும். அல்லது நடுவில் வெறுமையாக ஒரு கோடு இருக்கும். விநாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுக்கும் புள்ளிகள்) என்ற வேகத்தில் பதிந்திருந்து, அந்த வெற்றிடம் 480 மாதிரிகளோ அதன் மடங்கோ நீளமாக இருந்தால், அது 10 மில்லிவிநாடித் துண்டு. விண்டோஸ் வழக்கமாக ஒலியைக் கையாளும் துண்டின் அளவு அது. அப்படியானால் பிளக்கைத் துடைப்பதிலோ எர்த்தைத் தேடுவதிலோ பயனில்லை.

தட்டையான உச்சிகளைக் கண்டால் மருந்து சுலபம். ஒலி அமைப்புகளில் மைக்ரோஃபோனின் பண்புகளைத் திறந்து பார்த்தால், ஒலியளவுக்குக் கீழே பூஸ்ட் என்று ஒன்று பல கணினிகளில் இருக்கும். 20 டெசிபெல் என்று வைத்தால் குரலின் மின்னழுத்தம் 10 மடங்கு ஆகும். 30 டெசிபெல் என்றால் ஏறத்தாழ 32 மடங்கு. குரலோடு சேர்ந்து அழுக்குத் தொடுபுள்ளியின் வெடிப்பும், எர்த் இரைச்சலும், விசிறிக் காற்றும் அதே அளவு பெருகும். குரல் சிறிதாக இருக்கிறது என்று எவரோ சொன்னதற்காக அதை முழுவதும் ஏற்றி வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் அதிகம். 10 டெசிபெல்லுக்கு இறக்குங்கள், அதற்குப் பதிலாக மைக்கை வாயருகே கொண்டுவாருங்கள். வாய்க்கு நேரெதிரே அல்ல. உதட்டின் ஓரத்தில், இரண்டு விரல் இடைவெளியில், சற்றுத் தாழ்வாக. பகரம் வல்லினமாக வெளிப்படும்போது வாயிலிருந்து ஒரு காற்று உந்தல் வரும். தமிழ் வகுப்பில் அதற்குப் பஞ்சமிருக்காது. அந்தக் காற்று நேராகப் படலத்தில் மோதினால் எந்தக் கணினியிலும் டப்பென்றுதான் கேட்கும். நுரைப்பஞ்சு உறை தொலைந்துபோயிருந்தால் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டுப்பட்ட அலையைக் கண்டால், விண்டோஸின் ஒலி அமைப்பில் அந்த மைக்குக்கு உரிய ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற ஒலி மெருகூட்டலை நிறுத்திப் பாருங்கள். கணினி நிறுவனங்கள் தரும் இரைச்சல் குறைப்புச் செயலி தனியாக ஒன்று இருந்து, அதன்மேல் வகுப்புச் செயலியின் இரைச்சல் குறைப்பும் சேர்ந்தால், இரண்டும் ஒன்றன் வேலையை மற்றொன்று கெடுத்து, குரலைக் கடித்துக் கடித்துத் துப்பும். ஒன்று போதும். அதன்பின்னும் இருந்தால், இணைப்பைத் துண்டிப்பதோடு நில்லாமல் கணினியின் வைஃபையையே அணைத்துவிட்டு ஒருமுறை பதியுங்கள். வைஃபையின் இயக்கி மென்பொருள் (டிரைவர்) கணினியைச் சில மில்லிவிநாடி பிடித்து வைத்துக்கொள்வதால் ஒலி தவறுவது நான் அடிக்கடி காண்கிற குறை. அணைத்ததும் சுத்தமாகிவிட்டால், கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த இயக்கியின் புதிய பதிப்பை இறக்கிப் போட வேண்டும். லேட்டன்சிமோன் என்ற சிறு மென்பொருள் எந்த இயக்கி பிடித்து வைக்கிறது என்று பெயரோடு சொல்லும். விண்டோஸை முழுவதும் அழித்துப் போடுவது, அதே பழைய இயக்கியை மறுபடி கொண்டுவந்து சேர்ப்பதில்தான் பல நேரம் முடிகிறது.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரெட் மைக்கின் படலமும் டிரான்சிஸ்டரும் சேரும் இடத்தின் மின்தடை மிக மிக அதிகம். அங்கே மின்னேற்றம் கசியாமல் இருப்பதை நம்பியே மைக் வேலை செய்கிறது. மழைக்கால ஈரமும் பேசும்போது படும் மூச்சும் அந்த இடத்தில் மெல்லிய நீர்ப்படலமாகப் படிந்தால் மின்னேற்றம் விட்டுவிட்டுக் கசிந்து, சட்டியில் கடுகு பொரிவதுபோல் சத்தம் வரும். பிளக்கைத் திருகினாலும் சார்ஜரைக் கழற்றினாலும் மாறாமல், மழை நாளில் தோன்றி வெயில் நாளில் மறைகிற சத்தம் பெரும்பாலும் இதுதான். மடிக்கணினி வைத்திருக்கும் அறையின் சன்னல் மழைச்சாரல் படும் பக்கம் இருந்தால் இன்னும் உறுதி. ஹெட்செட்டை மேசைமேல் விட்டுவிடாமல், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைந்தைப் போட்டு, அதனோடு வைத்துவிடுங்கள். ஓரிரவில் தெரிந்துவிடும். அரிசியில் புதைக்காதீர்கள், மைக்கின் ஊசித்துளையில் மாவு போய் அடைத்துக்கொள்ளும். முடி உலர்த்தும் கருவியின் சூட்டையும் காட்டாதீர்கள். வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு வருவதும் அதே வகைதான். படலத்தில் நிரந்தரமாக நிற்க வேண்டிய மின்னேற்றம் சூட்டினால் குறைந்துபோகும். அப்புறம் அந்த மைக் கரகரக்காது, குரலும் எடுக்காது.

சில சில்லறைக் காரணங்களையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். தலைக்கு நேர் மேலே சுற்றும் விசிறியின் காற்று மைக்கில் மோதினால் புடுபுடுவென்று ஒரு கனத்த சத்தம் வரும். நாற்காலியை இரண்டடி நகர்த்தினாலே போய்விடும். தாலிக்கொடியிலோ சங்கிலியிலோ காதணியிலோ வயர் உரசினால் அந்த உரசல் வயர் வழியாகவே மைக்குக்குப் போகும்; வயரைச் சட்டையில் பிடித்து வைக்கும் கிளிப்பைப் பயன்படுத்துங்கள். கைப்பேசியை ஹெட்செட் வயருக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் இன்னொரு தொல்லை. மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. 4ஜி அலை மெலிந்த செம்பனைக் காட்டு ஓரங்களில் சில கைப்பேசிகள் 2ஜிக்கு இறங்கிவிடும். 2ஜியில் கைப்பேசி விநாடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு அலையை வீசும். ஆகையால் அழைப்போ குறுஞ்செய்தியோ வருவதற்குச் சற்று முன் மைக்கில் டிடிட் டிடிட் என்று ஒரு தாளம் கேட்கும். கைப்பேசியை ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும்.

உங்களுடையது 3.5 மில்லிமீட்டர் பிளக் ஹெட்செட் என்பதால் மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூ.எஸ்.பி. ஹெட்செட்டில் ஒலியை எண்களாக மாற்றும் வேலை ஹெட்செட்டுக்குள்ளேயே நடந்துவிடுவதால் துளை அழுக்கும் எர்த்தும் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை, ஆனால் யூ.எஸ்.பி. வழியே ஒலி போகும் முறையில், தவறிய துண்டு மறுபடி அனுப்பப்படாது. ஆகவே அதைப் பலமுனைப் பெட்டியில் (ஹப்) ஹார்ட் டிஸ்க்கோடு பங்குபோட வைக்காமல் கணினியில் நேராகச் செருக வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் கம்பியில்லா ஹெட்செட்டின் சிறு ஏற்பியை யூ.எஸ்.பி. 3.0 துளைக்கு அருகில் செருகினால், அந்தத் துளையிலிருந்து கசியும் அலை அதைக் குழப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறது. ஒரு சிறு நீட்டிப்பு வயர் போட்டு ஏற்பியைத் தள்ளி வைத்தால் சரியாகும். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத்து இளஞ்சிவப்புத் துளையில் செருகிப் பார்க்க வேண்டும். நான்கு பகுதிப் பிளக்கை அதில் அப்படியே செருகாமல், மைக்கையும் காதையும் பிரிக்கும் இரட்டை வயர் வழியாகச் செருகுங்கள்.

பதிவிலோ கைப்பேசிச் சோதனையிலோ கணினியின் துளைதான் குற்றவாளி என்று தெரிந்து, சுத்தம் செய்தும் அடங்காவிட்டால், கணினியைத் திறக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு யூ.எஸ்.பி. ஒலி அடாப்டர் வாங்குங்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும். ஒரு முனை யூ.எஸ்.பி., மறுமுனையில் ஹெட்செட் துளை. நான்கு பகுதிப் பிளக்கை ஒரே துளையில் ஏற்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். மைக்குக்கும் காதுக்கும் தனித்தனித் துளை உள்ளது என்றால் முன்சொன்ன இரட்டை வயரும் தேவைப்படும். கணினியின் பழைய துளையையும் அதன் ஒலிச் சுற்றையும் அது முற்றிலும் ஒதுக்கிவிடுவதால், இப்போது உங்களிடம் இருக்கும் இரண்டு ஹெட்செட்டுகளுமே மறுபடி பயன்படக்கூடும். அதில் பேசிப் பதிந்து அலை சுத்தமாக இருந்தால் அப்படியே வகுப்பை நடத்துங்கள். துளையையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் கணினி மாடலில் அது தனிச் சிறு பலகையில் இருக்கிறதா, தாய்ப் பலகையில் நேராக ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறதா என்று பழுதுபார்ப்பவரிடம் முதலில் கேளுங்கள். தனிப் பலகை என்றால் மாற்றுவது எளிது, மாற்றிக்கொள்ளலாம். தாய்ப் பலகை என்றால், ஒரு மைக்குக்காக அதில் சூடு வைக்க விடாதீர்கள், அடாப்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.